ஒரு சாண் துவாரம்

பகல் மூன்று இருபதுக்கே மாடிப்படியில் விளக்கு எரிந்தது. எதிர் பிளாக் மூடுபனியில் காணாமல் போயிருந்தது. அருள்ராஜ் கருவிப் பையைத் தோள் மாற்றிக்கொண்டு முதல் மாடிக்கு ஏறினான்.

மங்களம் கதவைத் திறந்தாள். சேலைக்கு மேல் கணவனின் ஸ்வெட்டர்.

"வாங்கோ. ஞாயித்துக்கிழமைலேர்ந்து யாரும் கீசர்ல கை வைக்கலை."

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மகள் வைஷ்ணவி குளிக்கப் போய் மயங்கி விழுந்துவிட்டாள். பதினொரு வயது. விழும்போது கை பட்டுத் தாழ்ப்பாள் விலகியது. விலகாமல் இருந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டாராம். இதை மங்களம் போனில் ஒரு முறை சொல்லியிருந்தாள். இப்போது நடையில் நின்று இன்னொரு முறை சொன்னாள்.

குளியலறை ஐந்தடிக்கு நாலடி. கேஸ் கீசரின் வெள்ளை உறை பழுப்பேறியிருந்தது. அதற்கு மேலே சுவரில் கரி, ஒரு நாக்கின் வடிவில். அருள்ராஜ் குழாயைத் திறந்தான். டக் டக் என்று பொறி தட்டியது. பிறகு குப்பென்று பற்றியது. நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக எரிந்தது. காற்று போதாத சுடர், நச்சுவாயு கக்கும். குழாயை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

கூரைக்குக் கீழே, ஒரு சாண் சதுரத்தில் வெண்டிலேட்டர். அதில் செய்தித்தாளைத் திணித்திருந்தார்கள்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. "மாமி, டில்லில நம்ம ஆளுங்க வீடு எல்லாம் இப்படித்தான். குளிருதுன்னு பேப்பர், கிழிஞ்ச பனியன். ஒரு வீட்டுல இட்லித் துணி. அப்புறம் கீசர் மேல பழி."

மங்களம் சிரிக்கவில்லை. "நாங்க அடைக்கலை."

"சார் அடைச்சிருப்பார்."

"அவரா? ஸ்டூல்ல ஏறினா இறக்கறதுக்கு ரெண்டு பேர் வேணும் அவருக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானே எடுத்துப் போட்டேன். திங்கட்கிழமையும் எடுத்தேன். இது மூணாவது."

எல்லா வீட்டிலும் இப்படித்தான் சொல்வார்கள். போன ஜனவரியில் கரோல் பாகில் ஒரு வீட்டில் இப்படித்தான் அடைப்பை எடுத்துவிட்டு, இனி பயமில்லை என்று சொல்லிவிட்டு வந்தான். அவன் தெருமுனை தாண்டுவதற்குள் மறுபடி அடைத்துவிட்டார்கள். கல்யாணமாகி இருபது நாள் ஆன ஜோடி. கதவை உடைத்துத்தான் உடல்களை எடுத்தார்கள். அன்றிலிருந்து மதராசி கேம்ப் குடிசைப் பகுதியில் தன் வீட்டுக் கதவைக்கூட அவன் முழுக்கச் சாத்துவதில்லை.

ஸ்டூலில் ஏறித் தாளைப் பிடித்து இழுத்தான். அது ஆப்பு போல வந்தது. அவன் பக்கம் குறுகலாக, மறுபக்கம் அகலமாக. வெளியிலிருந்து திணித்த ஆப்பு.

வெளியே நிற்க இடம் கிடையாது. வெறும் சுவர், பதினைந்தடி கீழே சந்து. நாளெல்லாம் பனியில் நனைந்திருக்க வேண்டிய தாள் காய்ந்திருந்தது. இளஞ்சூடாக இருந்தது.

"ஊதுவத்தி ஒண்ணு குடுங்க மாமி."

எந்த வீட்டிலும் அவன் கடைசியாகச் செய்யும் சோதனை அது. புகை மேலே ஏறி வெண்டிலேட்டர் வழியாக வெளியேற வேண்டும். ஏறியது. வெளியேறியது. பிறகு நின்றது. பிறகு திரும்பி வந்து அவன் முகத்தில் படிந்தது. மறுபடி வெளியே போனது. மறுபடி வந்தது. அவன் தன்னையறியாமல் எண்ணத் தொடங்கினான். போக நாலு, வர நாலு. வெளியே டில்லியின் ஜனவரி, உதடு வெடிக்கும் குளிர். துவாரத்திலிருந்து வந்த காற்றோ வெதுவெதுப்பாக இருந்தது, தூங்கி எழுந்தவனின் வாய் போல நாறியது.

"காத்து வரதா?" என்றாள் மங்களம்.

"வருது மாமி."

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனான். சிலிண்டர் அங்கே இருந்தது. மங்களம் டார்ச் பிடித்தாள். ரெகுலேட்டரிலும் ரப்பர் குழாயிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தான். குமிழி வரவில்லை. கசிவு இல்லை. மொத்தம் இரண்டு நிமிடம்.

திரும்பி வந்தபோது வெண்டிலேட்டர் அடைத்திருந்தது. செய்தித்தாள் இல்லை. சாம்பல் நிறமாக ஏதோ ஒன்று.

"வைஷு! பாத்ரூம் போனியா?"

"நஹீ மம்மா," என்று அறையிலிருந்து குரல் வந்தது. "மேத்ஸ் பண்றேன்."

ஸ்டூல் அவன் கையில் இருந்தது. அதைப் போட்டு ஏறினான். இரண்டு விரலால் அழுத்தினான். உள்ளே அமுங்கியது. மெல்ல எழும்பி விரலைத் தள்ளியது.

"புறா மாட்டியிருக்கு," என்றான்.

புறாவுக்கு இறகு இருக்கும். விரலில் பட்டது வழவழப்பாக இருந்தது. சூடாக இருந்தது.

அவன் இறங்கினான். "மாமி, நான் கீசரைக் கழட்டிடறேன். இனிமே இந்த ரூம்ல எதுவும் எரிய வேணாம். வெந்நீரை அடுப்புல வெச்சுக்குங்க."

"கழட்டிடுங்கோ," என்றாள் மங்களம் உடனே. "முதல்ல அதைச் செய்யுங்கோ. கண்ணுல படாம எடுத்துண்டு போயிடுங்கோ. அவர் திட்டினா நான் வாங்கிக்கறேன்." அவனுக்கு டீ போடச் சமையலறைக்குப் போனாள்.

அவன் மேலே பார்க்காமல் வேலை செய்தான். துருவேறிய நட்டில் ஸ்பானர் வழுக்கியது, கழற்றிய குழாயின் தண்ணீர் வாளியில் சொட்டியது, சமையலறையில் பால் பொங்கும் வாசனை வந்தது, அதற்கு அடியில் அந்த இன்னொரு வாசனை, பிடரி மயிரை நாலு எண்ணிக்கைக்கு ஒரு முறை அசைத்துக்கொண்டு. கடைசித் திருகாணி வந்ததும் கீசரை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வெளியேறினான்.

பால்கனியில் கீசரைத் தரையில் வைத்தான். சிலிண்டரை மூடினான். ரெகுலேட்டரோடு ரப்பர் குழாயைப் பிடுங்கினான். சிலிண்டர் வாயில் மூடியை அழுத்தி மாட்டினான். அந்த அறையில் இப்போது நெருப்பு இல்லை, வாயு இல்லை. ஆளைக் கொல்ல எதுவும் இல்லை.

நடையில் வைஷ்ணவி நின்றாள். போர்வையை ராணி போலப் போர்த்தியிருந்தாள்.

"அங்கிள், இப்போ உள்ள போலாமா? மூணு நாளா மம்மா என்னை டோர் குளோஸ் பண்ணவே விடலை. சோ எம்பாரஸிங்."

அவன் சிரித்தான். "போ பாப்பா. இனிமே ஒண்ணும் பண்ணாது."

அவள் போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் போட்டான். மூடுபனி சற்றே விலகியிருந்தது. எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. கம்பியில் காயும் துணி தெரிந்தது. பால்கனிக்கு வலப்புறம், நாலடி தள்ளி, குளியலறையின் வெளிச்சுவர். வந்ததிலிருந்து அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பார்த்தான்.

துவாரத்தில் ஒரு முதுகு இருந்தது.

மனித முதுகு. சாம்பல் நிறம். ஒரு சாண் சதுரத்துக்குள் தோள்கள் மடிந்து, முதுகெலும்பு வளைந்து, நூல் நுழைய இடமில்லாமல் பொருந்தியிருந்தது. கால்கள் இல்லை. தலை உள்ளே இருந்தது.

மூச்சை உள்ளிழுத்து முதுகு எழும்பியது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக விரிந்தன.

நாலு.

அடங்கவில்லை.

ஐந்து. ஆறு.

எழும்பிக்கொண்டே இருந்தது. தோல் இழுபட்டுப் பளபளத்தது. உள்ளே வாளி உருண்டது.

அருள்ராஜ் வாயைத் திறந்தான். எண்ணிக்கைதான் வந்தது.

பத்து. பதினொன்று.

வீட்டுக்குள் குளியலறைக் கதவை மங்களம் தட்டினாள். முதலில் விரலால். பிறகு உள்ளங்கையால்.

"வைஷு, தாழ்ப்பாளை எடும்மா. அம்மா திட்டலை. வைஷு?"