இரண்டு பக்கமும் எர்த்

தென்குடியில் காலையில் வேலைக்குப் போகிறவர்கள் வாகனத்தை நிறுத்திய பிறகு இறங்குவதற்குச் சராசரியாக நான்கு நிமிடம் ஆகும். வழியில் மாமியாரோடு பேசிக்கொண்டே வந்தவர்களுக்குப் பத்து நிமிடம்கூட ஆகும். மனம் அடங்காமல் கதவு திறக்காது. அலுவலக வாசலில் வண்டிக்குள் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவரை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. கண்ணாடியைத் தட்டி, "இன்னும் இறங்கலையா?" என்று கேட்பதும் இல்லை. கேட்டால் இன்னும் இரண்டு நிமிடம் கூடும்.

செவ்வாய்க் கிரகத்தில் குடியேறிய முதல் ஆண்டுகளில் மூன்று பேர் பதற்றத்தில் தலைக்கவசத்தை மூடாமல் கதவைத் திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் நிதானச் சட்டம். தலைக்கவசத்துக்குள் ஒரு நிதானமானி இருக்கும். மூளையின் மெல்லிய மின்துடிப்புகளைப் படித்து, ஒரு கம்பி வழியாக வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அனுப்பும். நூற்றுக்கு அறுபது வந்தால் கதவு திறக்கும். வெளியிலிருந்து திறக்க வழியே கிடையாது.

பந்தய வண்டிக்கும் அதே சட்டம்தான்.

பியூலா தன் வண்டியை நிறுத்தியபோது பந்தயத்தின் பாதி தூரம் கடந்திருந்தது. இடது முன்சக்கரம் உடைந்துவிட்டது. அவளுக்குக் காயம் ஒன்றுமில்லை. ஐம்பது அடி தள்ளிப் பாறையில் குடைந்த புகலறை, பச்சை விளக்குடன் தெரிந்தது. உடுப்பில் தனியாக மூன்று நிமிடக் காற்று உண்டு. இறங்கி நடந்தால் போதும்.

"கதவைத் திற" என்றாள்.

"உங்கள் நிதானம் பதினெட்டு. காத்திருக்கவும்" என்றது வண்டி.

காத்திருந்தாள். பைபிளின் இருபத்து மூன்றாம் சங்கீதத்தை மனதுக்குள் சொல்லி முடித்தாள். பதினெட்டு. இன்னொரு முறை சொன்னாள். பதினெட்டு. எடையைக் குறைப்பதற்காகப் பந்தய வண்டியில் காற்றைக் கொஞ்சமாகத்தான் அடைப்பார்கள். இன்னும் இருபத்திரண்டு நிமிடத்துக்கு இருந்தது. கதவை வெட்டும் வண்டி வந்துசேர ஐம்பது நிமிடம்.

வானொலியில் பட்டறையைக் கூப்பிட்டாள். அவளுடைய வண்டிக்குக் கம்பி வேலை செய்த நஸீமாவும் சௌந்தரபாண்டியும் ஒலிவாங்கிக்கு முட்டி மோதினார்கள்.

"ஏட்டி பியூலா, பயப்படாத" என்றாள் நஸீமா.

"பயம் இல்லக்கா. வண்டிதான் நான் பயப்படுதேன்னு சொல்லுது. வண்டி நின்னதுல இருந்து ஒரே நம்பர். ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல."

"மனுஷ மனசு அப்படி ஒரே இடத்துல நிக்காதே, தாயி" என்றார் சௌந்தரபாண்டி. "இது கம்பியில வர்ற இரைச்சல். காத்து பம்பு ஓடுதா?"

"சீட்டுக்குக் கீழ ஓடுது. அதை நிறுத்தினா மூச்சு நின்னுரும், அண்ணாச்சி."

 சௌந்தரபாண்டி மெதுவாகக் கேட்டார்: "நஸீமா, ஹெல்மெட் பக்கம் கவசக் கம்பியை என்ன செஞ்சே?"

"எர்த் கொடுத்தேன்."

"எதுக்கு? பெட்டிப் பக்கம் நான் கொடுத்திருக்கேனே!"

"நீங்க கொடுப்பீங்களோ மாட்டீங்களோன்னு..."

"நான் எப்ப கொடுக்காம விட்டேன்?"

"போன வருஷம்!"

நிதானமானியின் கம்பிகள் தலைமுடி போல மெல்லியவை. பக்கத்தில் ஓடும் மோட்டாரின் இரைச்சல் அவற்றில் தொற்றிக்கொள்ளும். அதைத் தடுக்க, மேலே செம்புவலையைக் கவசமாகப் போர்த்தியிருப்பார்கள். வலை பிடித்த இரைச்சலை ஒரு பக்கம் மட்டும் எர்த் கொடுத்து வடித்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் கொடுத்தால் வலையே ஒரு சுற்றுப்பாதை ஆகிவிடும். பம்புக்குப் போகும் மின்சாரத்தில் கொஞ்சம் அதற்குள் சுற்றிச் சுற்றி ஓடும். காவலுக்கு வைத்தவனே வீட்டுக்குள் நின்று கத்துகிற கதை.

இது இருவருக்கும் தெரியும். ஆனால் தென்குடியில் இருகை வழக்கம் என்று ஒன்று உண்டு. உயிர் சம்பந்தமான எந்தக் கம்பியையும் இரண்டு பேர், இரண்டு முனையிலிருந்து, பேசிக்கொள்ளாமல் செய்ய வேண்டும். பேசினால் ஒருவர் தப்பு மற்றவருக்கு ஒட்டிக்கொள்ளுமாம். ஆகவே இருவரும் பேசவில்லை. சோதனையின்போது பட்டறைக்குள் காற்று இருந்ததால் பம்பை யாரும் ஓட்டவுமில்லை.

"சண்டையை நான் செத்தப்புறம் வச்சுக்கோங்க. இப்ப நான் என்ன செய்யணும்?" என்றாள் பியூலா.

"பெல்ட் அறுக்குற கத்தி இருக்குல்ல? இடது காதுக்குப் பின்னால ஹெல்மெட் சொருகி. அதுல கவச வலையோட வால் ஒண்ணு, கறுப்பு உறை போட்டது, வண்டிச் சட்டத்தோட போல்ட்டுக்குப் போகும். அதை மட்டும் அறு. பக்கத்துல வெள்ளை வயரைத் தொட்டுராத" என்றாள் நஸீமா. 

தலையைத் திருப்ப இடமில்லை. தடித்த கையுறைக்குள் விரல்கள் மரத்திருந்தன. வாலைத் தடவிக் கண்டுபிடிக்கவே நான்கு நிமிடம் ஆயிற்று. கத்தி இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை 'டப்' என்று அறுந்தது.

திரையில் நடுங்கிக்கொண்டிருந்த கோடு சட்டென்று தெளிந்தது. பட்டறையில் கைதட்டல் கேட்டது.

"சமிக்ஞை தூய்மையாக உள்ளது. உங்கள் நிதானம் பதினொன்று. காத்திருக்கவும்."

கைதட்டல் நின்றது.

"பதினொண்ணா?" என்றாள் நஸீமா.

"இரைச்சலாவது ஏழு மார்க் கூடப் போட்டிருக்கு" என்றாள் பியூலா. சிரிக்கப் போனாள், விக்கல் வந்தது. காற்று ஒன்பது நிமிடம்.

இப்போது வண்டி அவளைச் சரியாகத்தான் படித்தது. அதுதான் கொடுமை. பந்தயக் குழுத் தலைவர் வானொலியில் வந்து, அமைதியாக இருக்கும்படி உத்தரவிட்டார். மருத்துவர் வந்து மூச்சை ஆழமாக இழுக்கச் சொன்னார்.

"எந்த மூச்சை, டாக்டர்?" என்றாள். எண் ஒன்பதாக இறங்கியது.

கண்ணாடிக்கு அப்பால் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஐம்பது அடி. தோளால் கதவை இடித்தாள். முழங்காலால் இடித்தாள். ஆறு. கடைசியில் கோபம் தாங்காமல் இடது கையைப் பின்னால் விட்டு, கவசம், வெள்ளை வயர், சொருகி எல்லாவற்றையும் சேர்த்துப் பிய்த்து எறிந்தாள்.

"ஐயோ! சமிக்ஞை இல்லாம கதவு திறக்கவே திறக்காதே!" என்று தலைவர் அலறினார்.

 வண்டி வேறு குரலில், கனிவாகக் கேட்டது: "நிதானமானி இணைக்கப்படவில்லை. பட்டறை நிலை. உள்ளே இருப்பவர் வாயால் சொல்லவும். நலமாக இருக்கிறீர்களா?"

"யா அல்லாஹ்" என்று முனகினாள் நஸீமா. "இது எங்க பட்டறையில தினம் நாப்பது தடவை கேக்குற கேள்விடீ. ஸ்பானரைக் கையில வச்சுக்கிட்டே பதில் சொல்லுவோம். பட்டறைக்கு வெளியேயும் கேக்கும்னு தெரியாது."

வண்டிக்குப் பட்டறையும் தெரியாது, பாலைநிலமும் தெரியாது. கம்பி இல்லாவிட்டால் வாயால் கேட்கும். வாயால் கேட்டதற்கு வாயால் வந்த பதிலை எடுத்துக்கொள்ளும்.

பியூலாவின் முகமெல்லாம் கண்ணீர். பல் கிட்டித்துப்போயிருந்தது. தலைக்கவசத்தை இறுக மூடிக்கொண்டு, உடைந்த குரலில் சொன்னாள்: "நல்லா இருக்கேன்."

"மகிழ்ச்சி" என்றது வண்டி. கதவு திறந்தது.

ஐம்பது அடியை எப்படிக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. புகலறையின் உள்கதவு மூடிக் காற்று நிறைந்ததும் தரையில் சரிந்தாள்.  நாக்கில் ரத்தம் கரித்தது. இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி வந்தன. இனி ஒருநாளும் எந்த வண்டிக்குள்ளும் தன்னால் உட்கார முடியாது என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

சுவரில் இருந்த வானொலி கரகரத்தது.

"பியூலா! வந்துட்டியா? எப்படிட்டி இருக்கே?" நஸீமாவின் குரல். பின்னால் சௌந்தரபாண்டியும் தலைவரும் மருத்துவரும் மூச்சுவிடாமல் நிற்பது தெரிந்தது.

பியூலா வாயைத் திறந்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"நல்லா இருக்கேன், அக்கா."

"அப்பாடா!" என்று நாலு பேரும் சேர்ந்து பெருமூச்சு விட்டார்கள். அடுத்த நொடி, சக்கரம் எந்தப் பக்கம் உடைந்தது என்று கேட்டார்கள்.