1147 வெளியே போன நேரம்

ஞாயிற்றுக்கிழமை. தொழிற்சாலைக்கு விடுமுறை, உலை அணைந்து கிடந்தது. ஆனால் உள்ளே ஆள் இருப்பதாகக் கம்ப்யூட்டர் சொன்னது.

ஷோபாவுக்கு முதலில் பயம் வரவில்லை, அலுப்புதான் வந்தது. லாலாகுடாவில் ரயிலுக்கு பிரேக் கட்டை வார்க்கும் அந்தத் தொழிற்சாலையின் டைம் ஆபீசில் எட்டு மாதமாக அவளோடு மல்லுக்கட்டும் பழைய பெட்டி அது. வருகைப் பதிவை ஓட்டினால் பாதியில் இரைந்து, ‘போதிய மெமரி இல்லை’ என்று நின்றுவிடும். உள்ளேயிருந்த மெமரியைக் கழற்றி, ரப்பரால் தேய்த்து மாட்டியாயிற்று. புதிதாக ஒன்று வாங்கிச் செருகியுமாயிற்று. யானைப் பசிக்குச் சோளப்பொரி. நாளைக் காலைக்குள் ஓடவில்லையென்றால் கம்ப்யூட்டரைத் தூக்கிவிட்டு அவளை மணல் சுமக்க அனுப்புவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். ஏழு வயது ரெஜினாவை வைத்துக்கொண்டு, இந்த இடுப்பு வலியோடு மணல் சுமப்பதா? நினைக்கவே அழுகை வந்தது.

புரோகிராம் எழுதிக் கொடுத்த அமீர்பேட் பையன் பிரசன்னாவுக்கு ஃபோன் போட்டாள்.

“மேடம், யாரோ இன் போட்டுட்டு அவுட் போடாம போயிருக்காங்க. அப்படி விட்டா நிமிஷத்துக்கு ஒரு வரி எழுதிட்டே இருக்கும். மெமரி எப்படித் தாங்கும்? யாருன்னு பாத்து அவுட் போட்டு விடுங்க.”

“சரி தம்பி, பாக்குறேன்.”

பார்த்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எட்டு மாதமாக, லீவு நாளிலும், ஒரே எண். 1147. காலை 5:52, இன். அவுட் இல்லை.

அது அவளுடைய எண். ஆனால் அவள் ஒன்பதுக்கு வருவாள், ஆறுக்குப் போவாள். அந்தப் பதிவுகள் தனியாக, ஒழுங்காகவே இருந்தன. செத்தவரின் வேலை வாரிசுக்கு வந்தால் டோக்கன் எண்ணும் சேர்ந்தே வருவது அங்கே வழக்கம். அவளுக்கு முன்னால் 1147 அவள் கணவன் இருதயராஜ். காலை ஆறு மணி ஷிஃப்ட்காரன். ஐந்து வருடத்துக்கு முன் உலை வெடித்தபோது உள்ளே இருந்தான்; புதைக்கக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை. அன்று அவள் அழுத அழுகையில் பாதி நிம்மதி என்பது அவளுக்கும் மாதாவுக்கும் மட்டுமே தெரியும்.

கேட்டில் அட்டை தேய்க்கும் மெஷினின் கோளாறு என்று சொல்லிக்கொண்டாள். அதற்குமேல் யோசிக்கத் தெம்பில்லை. எல்லா வரிகளுக்கும் சேர்த்து ஒரே கட்டளை கொடுத்தாள். அவுட், பகல் 1:40.

பெட்டி ஒரு தடவை உறுமிவிட்டு ஓடியது. உள்ளே இருப்பவர்கள்: பூஜ்யம். ஷோபா சிலுவை போட்டுக்கொண்டாள். பிழைத்தோம் என்று இருந்தது.

அப்போதுதான், வெயிலில் காய்ந்து கிடந்த முற்றத்துக்கு அப்பால், உலைக் கொட்டகைக்குள்ளிருந்து, மணலை அரைத்துக்கொண்டு கனத்த பூட்ஸ் சத்தம் ஒன்று அவசரமே இல்லாமல் கிளம்பி, கருகிய கிரீஸ் வாடையோடு ஜன்னலைத் தாண்டிப் போனது. ஜன்னலில் யாரும் இல்லை. வெயில்தான்.

பூட்டிய கேட்டில் அட்டை மெஷின் ஒருமுறை ‘பீப்’ என்றது.

பிறகு ஒன்றுமில்லை. ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். கதவுக்குத் தாழ் போட்டாள். வீடு ஆறு நிமிட நடை. ரெஜினா தனியாக இருந்தாள்.

ஆறாவது நிமிடம் ஃபோன் அடித்தது. ரெஜினாதான், தெருத் தெலுங்கு கலந்த பேச்சு.

“அம்மா, பாத்ரூம்ல எவரோ உன்னாரு.”

“யாருடி?”

“தெலீது. கை கழுவுறாரு. தண்ணி கருப்பா கதவுக்குக் கீழ வருது. துண்டு கேக்குறாரும்மா, குடுக்கட்டா?”

இருதயராஜ் கை கழுவி, விரல் விரலாகத் துடைத்த பிறகுதான் ஷோபாவை அடிப்பான். ரெஜினாவுக்கு அது தெரியாது. அப்போது அவளுக்கு இரண்டு வயது.

“நக்கோ! குடுக்காதே. வெளிய ஓடு. ஓடு கண்ணு!”

“என் பேரு சொல்லிக் கூப்பிடுறாரு.” குழந்தையின் குரலில் சந்தோஷம் இருந்தது.

அவனைத் திரும்ப உள்ளே அனுப்ப ஷோபா கீபோர்டைத் தட்டினாள். 1147. இன். என்டர்.

போதிய மெமரி இல்லை.

மறுபடி. 1147. இன்.

போதிய மெமரி இல்லை.

மறுமுனையில் ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம். சின்னக் கால்கள் ஓடின. கொடியிலிருந்து துண்டை உருவும் சத்தம். பிறகு பாத்ரூம் தாழ்ப்பாள், உள்ளேயிருந்து, மெதுவாக விலகியது.