ஆளுக்கு ஒரு பக்கம்

செவ்வாய்க்கிழமை காலை, பல் தேய்க்கும்போது பட்டாணி பாடவில்லை.

சமையலறையில் நின்றிருந்த அம்மாவுக்கு முதலில் அது பிடிபடவில்லை. ஏதோ குறைகிறது என்று மட்டும் பட்டது. அடுப்பில் பால் சுர்ரென்று ஏறிக்கொண்டிருந்தது, ஜன்னலுக்கு வெளியே குப்பை வண்டி பின்னோக்கி வரும் கீச்சுச் சத்தம் கேட்டது, குளியலறைக் குழாய் வழக்கம்போல் சொட்டியது. ஆனால் இத்தனைக்கும் நடுவில், நாலு வருஷமாக ஒருநாள் விடாமல் வாய் நிறைய நுரையோடு குழறிக் குழறி வருகிற அந்த அர்த்தமில்லாத பாட்டு மட்டும் இல்லை. எட்டிப் பார்த்தாள். எட்டு வயதுப் பட்டாணி கண்ணாடிக்கு எதிரே விறைப்பாக நின்று மேலே கீழே, மேலே கீழே என்று ஒரே சீராகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, இன்னிக்கு கச்சேரி லீவா?"

பட்டாணி கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தாள். "என்ன கச்சேரி?"

தூக்கக் கலக்கம், வேறென்ன. சனிக்கிழமை கிளம்ப வேண்டும். அதற்குள் ஆயிரம் வேலை.

அவளுக்கு வேலை ஒரு பயண அலுவலகத்தில். யார் எந்த ஊருக்குப் போனாலும், எங்கே தங்குவது, எப்போது சாப்பிடுவது, மழை வந்தால் என்ன செய்வது என்று நாள்வாரியாகத் திட்டம் போட்டுக் கொடுப்பவள். அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே திட்டக்காரி. "வீட்லயும் அதேதான், திட்டுறது மட்டும் கூடுதல்" என்பான் அவள் கணவன்.

அவளுடைய பெருமையெல்லாம் விவரத் தாளில். தங்குகிறவர்களைப் பற்றி விடுதிக்கு அனுப்புகிற தாள். மற்றவர்கள் பெயர், வயது, சைவமா அசைவமா என்று மூன்று வரியோடு முடித்துவிடுவார்கள். அவள் விட மாட்டாள். தலையணை தடிமனா மெல்லிசா, மின்விசிறி எந்த வேகம், காலையில் முதலில் யார் எழுந்திருப்பது என்று வாடிக்கையாளரைக் குடைந்து குடைந்து எழுதுவாள். பாதி விவரம் கொடுத்தால் பாதி விடுமுறைதான் கிடைக்கும் என்பது அவள் கட்சி.

ஊரையெல்லாம் அனுப்பிவைத்தவள் இந்த முறைதான் தன் குடும்பத்துக்கென்று ஒரு திட்டம் போட்டாள். ஒரு தீவு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தால் கால் மணி நேரம். தென்னை, வெள்ளை மணல், ஒரே ஒரு வீடு. கூட்டம் இல்லை, கடை இல்லை, சத்தம் இல்லை. ஒரு வாரம் சும்மா கிடக்க வேண்டும், அவ்வளவுதான்.

"அந்தத் தீவுக்கு நாம மூணு குடும்பத்தை அனுப்பியிருக்கோம்" என்றாள் எதிர் மேஜையில் டிக்கெட் போடும் அக்கா. "ஒருத்தர்கூட குறை சொல்லல."

"நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்களாக்கா?"

"அதுவும் சொல்லல. நல்லா இருந்தா எவன் போன் பண்றான்? கொசு கடிச்சாத்தானே நம்ம ஞாபகம் வரும்."

தீவு வீட்டின் பொறுப்பாளரும் விவரத் தாள் கேட்டார். ஆளுக்கு ஒரு பக்கம். போனில் வந்த குரல் மரியாதையாகத்தான் இருந்தது; ஆனால் எத்தனை நீளமாகப் பேசினாலும் நடுவில் மூச்சு வாங்கவே இல்லை. "எவ்வளவு விவரமா எழுத முடியுமோ எழுதுங்க மேடம். எங்களுக்கு எல்லாமே உதவும்."

தன்னைப்போலவே வேலை செய்கிற ஒரு ஆள் என்று அவளுக்குச் சந்தோஷமாகிவிட்டது. திங்கட்கிழமை பட்டாணியின் பக்கத்தை எழுதினாள். பல் தேய்க்கும்போது பாடுவாள். கழுத்தில் ஊதினால் உடம்பெல்லாம் குலுங்கச் சிரிப்பாள். அம்மாவின் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். இடம் போதாமல் தாளின் ஓரத்திலும் எழுதி அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை கணவனின் பக்கம். அவன் லிஃப்ட் மெக்கானிக். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அழைப்பு மணியை மூன்று தரம் அடித்துவிட்டு, "மூணாவது மாடி, திட்டக்காரி வீடு, இறங்கறவங்கல்லாம் இறங்கலாம்" என்று வாசலிலேயே கத்துவான். பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். அதையும் எழுதினாள். சிரிப்பதற்கு முன்னால் அவன் தோள் குலுங்கும், சத்தம் பின்னால்தான் வரும் என்பதையும். எழுதும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது.

புதன்கிழமை சாயங்காலம் மணி ஒரே ஒரு தரம் அடித்தது.

கதவைத் திறந்தாள். கணவன் நின்றிருந்தான். சட்டையில் அதே கிரீஸ் வாடை, தோளில் அதே பை. நாய் குரைக்கவில்லை. வெளியே மழைக்கு முந்தின இருட்டு மாடிப்படியில் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவன் மிதியடிக்கு அந்தப் பக்கமே நின்றான்.

"உள்ள வரலாமா?"

"என்னங்க இது, புது மாப்பிள்ளை மாதிரி?"

அவன் தோள் குலுங்கவில்லை. உள்ளே வந்தான். சாப்பாட்டு மேஜையில், எந்த நாற்காலி என்று யோசித்ததுபோல் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலே தெரிய முழங்கால்மீது வைத்துக்கொண்டான்.

எதிர் நாற்காலியில் பட்டாணி. அவளும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். பள்ளியிலிருந்து வந்ததிலிருந்தே.

"சாப்பிடறீங்களா?"

"கொடுத்தா சாப்பிடறேன்."

அவள் கைப்பையைத் திறந்து விவரத் தாளின் நகலை எடுத்தாள். வாடிக்கையாளர் ஊருக்குக் கிளம்பும் முன்பு ஒவ்வொரு வரியாகச் சரிபார்ப்பது அவள் வழக்கம். அதே மாதிரி சரிபார்த்தாள், மகளை.

பல் தேய்க்கும்போது பாட்டு. இல்லை.

தூங்கும்போது காது மடல். திங்கட்கிழமையும் வரவில்லை, நேற்றும் வரவில்லை. வேலைக் களைப்பில் அவள்தான் கவனிக்கவில்லை.

பட்டாணியின் பின்னால் போய்க் குனிந்தாள். சோப்பு வாசனை, வியர்வை, பென்சில் தூள் வாசனை. எல்லாம் அவள் பிள்ளையுடையதுதான். கழுத்து மயிரை ஒதுக்கி மெதுவாக ஊதினாள்.

பட்டாணி திரும்பினாள். "எதுக்கு ஊதறீங்க?"

பேசத் தொடங்கின நாளிலிருந்து அம்மாவை நீ என்றே சொல்லி வளர்ந்த பிள்ளை.

தாளை மேஜைமேல் போட்டாள். எழுதினதெல்லாம் போயிருந்தது. எழுதாதது மட்டும் இங்கே உட்கார்ந்திருந்தது: எலும்பு, தோல், பள்ளிச் சீருடை.

பட்டாணியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, தீவு வீட்டின் நம்பரைத் தட்டி, போனை ஒலிபெருக்கியில் போட்டு மேஜைமேல் வைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"சொல்லுங்க மேடம். உங்க பக்கம் இன்னும் வரலையே."

"நாங்க வரல. ரத்து பண்ணிடுங்க."

"பண்ணிடலாம் மேடம். ஆனா ஏற்கெனவே வந்து இறங்கினவங்களை என்ன பண்றது?"

குரலுக்குப் பின்னால் அலை கேட்டது. அலை வந்து மணலில் சரிந்து, சரசரவென்று பின்வாங்கி, மறுபடி வந்தது. அந்தப் பின்வாங்கலின் இடைவெளியில், ஈரமும் நுரையுமாக, குழறிக் குழறி, வேறு யாருக்கும் தெரியாத மெட்டில், ஒரு பாட்டு.

அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பாதான் மேடம். நேத்து காலைலேருந்து பல் தேய்ச்சுக்கிட்டே இருக்கு. நிறுத்தத் தெரியல. நீங்க அதை எழுதல."

"அவர்?"

"சார் வாசல்ல நிக்கறார். மூணாவது மாடி, மூணாவது மாடின்னு சொல்லிக்கிட்டே இருக்கார். இங்க மாடி ஏது மேடம்?"

"அவங்களைத் திருப்பி அனுப்புங்க. இப்பவே அனுப்புங்க."

"அனுப்பறது உங்க வேலை மேடம். நாங்க வாங்கிக்கறவங்க." குரல் மூச்சே விடாமல் தொடர்ந்தது. "பாப்பாவால ஒரு சின்ன தொந்தரவுதான். தூங்கணும்னு கையை நீட்டி நீட்டித் தடவுது. காது மடலைத் தேடுது. என்கிட்ட அதெல்லாம் கிடையாது மேடம்."

ஜன்னல் கம்பியில் மழையின் முதல் துளிகள் தெறித்தன.

அவள் பக்கத்தில் இருந்த பட்டாணியைப் பார்த்தாள். பட்டாணி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கடையில் வரிசையில் நிற்பவர்கள் முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்ப்பதுபோல. பயமில்லை. அழுகையில்லை. பயப்படுகிற பிள்ளை அங்கே, தீவில் இருந்தது. காது இல்லாத ஒன்றின் முகத்தை விரலால் தடவிக்கொண்டு.

"என் பக்கத்தை இப்ப சொன்னா எழுதிக்குவீங்களா?"

"தாராளமா மேடம். முதல் வரி. உங்களுக்கு எதைக் கண்டா பயம்?"

இருபது வருஷத்தில் அவள் ஒரு தாளிலும் ஒரு வரியும் காலியாக விட்டதில்லை. ஆனால் அங்கே போய் நிற்கப்போகிறவள் எப்படிப்பட்டவளாக இருக்க வேண்டும் என்று யோசித்தாள். நடுங்குகிறவள் அங்கே என்னத்துக்கு?

"அதைக் காலியா விடுங்க. அடுத்தது."

"எல்லாரும் அதைத்தான் மேடம் முதல்ல சொல்லுவாங்க."

"என் தாள்ல என்ன போடணும்னு எனக்குத் தெரியும்யா. காலியா விடு."

அந்தப் பக்கம் முதன்முறையாக ஒரு சின்னத் தயக்கம்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். வேகமாக. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். சொன்னதும் புறங்கை மரத்துப்போயிற்று. கோபம் வந்தால் பாத்திரம் வைக்கிற சத்தம் பெரிதாகும், யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே கேட்பேன். மார்பில் இருந்த சூடு இறங்கியது. வாசலில் அவர் கத்தினால் சிரிப்பை அடக்கிக்கொண்டு திட்டுவேன். எதிரே இருந்த ஆள் யாரோ ஆனான். பட்டாணி என்று கூப்பிடும்போது கடைசி எழுத்தை இழுப்பேன்.

பட்டாணி.

அது யார்?

இன்னும் ஒன்று பாக்கி. நாக்கில் நின்றது. நழுவப் பார்த்தது.

"காது," என்றாள். "இடது காது. அவ பிடிக்கறது."

பாட்டு நின்றது.

போனில் அலை மட்டும். பிறகு யாரோ ஒரு பெண்ணின் குரல், கிட்டத்தில், கணீரென்று: "பட்டாணீ! அம்மா வந்துட்டேன், இங்க வா. எனக்குப் பின்னாடி நில்லு. யாருய்யா நீ? கையை எடு! எடுன்னு சொல்றேன்ல?" ஏதோ உருண்டது. ஒரு குழந்தை "அம்மா" என்றது. இணைப்பு அறுந்தது.

மேஜைமேல் இருந்த பொருளில் வெளிச்சம் அணைந்தது.

நாற்காலியில் இருந்த பெண் அந்தப் பொருளைப் பார்த்தாள். சற்றுமுன் அதற்குள் யாரோ கத்தினார்கள். யாரென்று தெரியவில்லை. வெளியே சடசடவென்று என்னவோ விழுந்துகொண்டிருந்தது. என்னவென்று தெரியவில்லை. அறை இருட்டிக்கொண்டு வந்தது. எதிரே ஓர் ஆள். இந்தப் பக்கம் ஒரு சிறுமி.

பயமாக இருந்தது.

எதைக் கண்டு என்று தெரியவில்லை. சடசடப்பைக் கண்டு. மேஜையைக் கண்டு. தன் மடியில் கிடந்த இரண்டு கைகளைக் கண்டு. அவை அசைந்தன. யாருடையவை? ஓட வேண்டும். எப்படி ஓடுவது? சுவரில் எதையோ தட்டினால் வெளிச்சம் வரும் என்று ஒரு நினைப்பு, பாதி வந்து, அழிந்தது. பயம் மட்டும் அழியவில்லை. அது வளர்ந்தது. இருக்கிற இடமெல்லாம் அதற்கே காலியாகிவிட்டதுபோல் கை, கால், தொண்டை, மண்டை என்று நிரம்பியது. கத்த வாய் திறந்தது. எப்படிக் கத்துவது?

முழு இருட்டு.

ஒரு நாற்காலி தரையில் உராய்ந்தது.

இன்னொரு நாற்காலி.

கிரீஸ் வாடை கிட்டே வந்தது. பென்சில் தூள் வாசனை கிட்டே வந்தது. இரண்டும் அவள் முன்னால் மண்டியிட்டன. அவசரமில்லை. எதையோ வாங்கிக்கொள்ள வந்தவர்கள்போல, நாலு உள்ளங்கைகள் ஒவ்வொன்றாக அவள் மடியில் வந்து விரிந்தன.

சில்லென்று. காலியாக.