மைனஸ் முப்பதில் உறங்கும் ரத்தம்

கதவைத் திறந்ததும் ஐஸ்பெட்டி வெளியே விழுந்தார்.

விழுந்தவர் மடங்கவில்லை. மரக்கட்டை போல அப்படியே தரையில் சரிந்தார். புருவம், மீசை எல்லாம் வெள்ளைப் பனி!

"ஐயோ...!"

துப்புரவுப் பெண்ணின் அலறல் மூன்று மாடிக்கும் கேட்டது.

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தாள். அவளுக்கு அந்தக் கட்டடம் புதிதல்ல. பிறந்ததிலிருந்து பதினெட்டு வயது வரை குழந்தைகளின் வளர்ச்சியைத் தொடர்ந்து கவனிக்கும் ஆராய்ச்சி நிலையம். ஒன்பது வருடங்களுக்கு முன் தன் மகளையும் அவள் இதில் சேர்த்திருந்தாள். வருடா வருடம் கொஞ்சம் ரத்தம் எடுத்து, எண் ஒட்டி, மைனஸ் முப்பது டிகிரி குளிர் அறையில் வைப்பார்கள்.

அந்த அறையின் காப்பாளர்தான் இறந்து கிடந்தவர். இருபது வருடம் குளிரிலேயே வேலை பார்த்ததால் 'ஐஸ்பெட்டி' என்று பெயர்.

"உள்ள இருந்து திறக்கிற கைப்பிடியைக் காணோம் மேடம்," என்றார் கான்ஸ்டபிள். "திருகாணியைக் கழட்டி எடுத்திருக்காங்க."

"அப்போ..."

"கொலைதான்!"

ஐஸ்பெட்டியின் வலது கை இறுக மூடியிருந்தது. மெல்லச் சூடுகாட்டி விரல்களைப் பிரித்தார்கள். உள்ளே மூன்று சின்னக் குழாய்கள். மூன்றிலும் உறைந்த ரத்தம்.

மூன்றாவது குழாயின் எண்ணை அவள் இரண்டு முறை படித்தாள்.

அது அவள் மகளின் எண்! பக்கத்தில் 'வயது 2' என்று எழுதியிருந்தது.

பாப்பா இரண்டு மாதமாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். சிறுநீரகம் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுகொண்டிருக்கின்றன. 'பிறவிக் கோளாறா, புதுசா வந்ததான்னு தெரியணும்மா. ரெண்டு வயசுல எடுத்த ரத்தம் கெடைச்சா போதும். தப்பான வைத்தியம் பண்ணினா இருக்கிறதும் போயிடும்' என்றிருந்தார் டாக்டர். வெள்ளிக்கிழமைதான் நிலையத்துக்குக் கடிதம் கொடுத்திருந்தாள்.

"மேடம்... வெளிய மேசையில இருந்த இவர் செல்போன்ல இருந்து ஞாயித்துக்கிழமை மதியம் ரெண்டு அழைப்பு போயிருக்கு. முதல்ல பன்னெண்டு பத்துக்கு..." கான்ஸ்டபிள் தயங்கினார். "உங்க நம்பர்."

அவளுக்கு நினைவு வந்தது. பாப்பா வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். யாரோ தெரியாத எண் என்று போனைத் துண்டித்துவிட்டாள்.

"ரெண்டாவது?"

"ஆராய்ச்சித் தலைவர். புரொபசர்."

புரொபசர் கண்ணாடியைத் துடைத்தபடி வந்தார்.

"ஆமா, பேசினான். ஏதோ உளறினான். நான் வீட்டுல பேரனோட செஸ் ஆடிட்டு இருந்தேன். செத்தவனைப் பத்தித் தப்பாப் பேசக் கூடாது... இருந்தாலும் அவன் கையைப் பாருங்க."

சட்டைக் கையை மேலே சுருட்டினார்கள்.

முழங்கை மடிப்பில் ஊசித் தழும்புகள்! ஒன்றா, இரண்டா... எண்ண முடியவில்லை!

"போதைப் பழக்கம்," என்று பெருமூச்சு விட்டார் புரொபசர். "கூட்டாளி எவனோ தீர்த்துட்டான்."

குழாய்களில் பாதி ரத்தம் தடய அறிவியல் கூடத்துக்குப் போனது. பாப்பாவின் எண் கொண்ட குழாயில் மீதிப் பாதி ஆஸ்பத்திரிக்கு.

மூன்றாம் நாள் போன் அலறியது. டாக்டர்!

"நல்ல செய்திம்மா! ரெண்டு வயசுல சிறுநீரகம் சுத்தமா இருந்திருக்கு. பிறவிக் கோளாறே இல்ல. நாளைக்கே மருந்தை ஆரம்பிச்சுடலாம்!"

இரண்டு மாதத்தில் முதன்முறையாக அவள் சிரித்தாள். கண்ணில் நீர் தளும்பியது.

"ஒண்ணுதான் புரியல. ரெண்டு வயசுக் குழந்தைக்கு கொலஸ்ட்ரால் எப்படி முந்நூறு...?"

சிரிப்பு உறைந்தது.

அடுத்த போன் தடய அறிவியல் கூடத்திலிருந்து.

"மேடம், மூணு குழாயும் மூணு குழந்தைங்கன்னு சொன்னீங்களே... மூணுலயும் ஒரே ஆள் ரத்தம். வயசான ஆம்பள."

"யாரு?"

"உங்க பிணவறையில படுத்திருக்காரே... அவரோடதுதான்!"

அவள் உடனே டாக்டரை அழைத்தாள்.

"டாக்டர்... அந்த ரிப்போர்ட்டைக் கிழிச்சுப் போடுங்க."

"அப்போ வேற குழாய்?"

"இனி அங்க எந்தக் குழாயையும் நம்ப முடியாது."

"அப்போ மருந்து...?"

"ஆரம்பிக்க வேண்டாம்," என்று போனை வைத்தாள்.

குளிர் அறைக் கதவில் கார்டு தேய்த்தவர்களின் பட்டியல் அதற்குள் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடைசிக் கார்டு... பன்னிரண்டு ஐம்பதுக்கு... புரொபசருடையது! அவர் கார் டிக்கியில் கைப்பிடியும் கிடைத்தது.

புரொபசர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"நாலு வருஷம் முன்னாடி, நீண்ட விடுமுறையில கம்ப்ரெஸர் நின்னு போச்சு. மூணு நாள் யாரும் கவனிக்கல. அதுவரைக்கும் சேர்த்தது மொத்தமும் உருகி அழுகிடுச்சு. நானூத்திப் பன்னெண்டு குழந்தைங்களோட ரத்தம்! வெளிய தெரிஞ்சா இழுத்து மூடிடுவாங்க. குழாய் காலியா இருக்கக் கூடாதுன்னு சொன்னேன். வேற யாரையும் குத்த அவனுக்கு மனசு வரல... தன் கையையே நீட்டினான்."

"அவரை ஏன்யா கொன்னே?"

"உங்க லெட்டர் வந்துச்சு. 'ஒரு குழந்தை உயிர் விஷயம் சார், என் ரத்தத்தைக் கொடுத்து ஏமாத்த மாட்டேன்'னான். அத்தாட்சியா மூணு குழாயை எடுத்துட்டு உங்ககிட்டேயே வரேன்னான். உங்களுக்கு போன் பண்ணினானாம்... நீங்க எடுக்கலையாம்."

அவள் தன் செல்போனை எடுத்து, துண்டித்த அந்தப் பன்னிரண்டு பத்து அழைப்பைப் பார்த்தாள்.

போன் எடுத்திருந்தால் ஐஸ்பெட்டி பிழைத்திருப்பார். பாப்பாவுக்கு? எடுத்திருந்தாலும் ஒன்றும் இல்லை. நாலு வருடம் முன்பே எல்லாம் முடிந்துபோயிருந்தது.

கான்ஸ்டபிள் விலங்கை மாட்டினார். புரொபசர் முனகினார்.

"இதை இப்படியே விட்டிருக்கலாம் மேடம். அந்த ரத்தத்தை வெச்சு எத்தனை கட்டுரை எழுதியிருக்கோம்! இங்க குழந்தைங்க எல்லாம் ஆரோக்கியமா வளர்றாங்கன்னு உலகமே நம்புது."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"கட்டுரையில ஒரு வரி சேர்த்துக்கோங்க சார். நானூத்திப் பன்னெண்டு பேரும் ஆரோக்கியமாத்தான் வளர்ந்தாங்க... என்ன, போன ஞாயித்துக்கிழமை மதியம் எல்லாரும் ஒரே நேரத்துல செத்துட்டாங்க!"