தார்ன்லி பிரபுவின் அழைப்பு மணி

கம்பியே கோக்காத மணி ஒன்று அடித்தது. "சார்!" என்று சொல்லிக்கொண்டு எழுந்து நின்ற பிறகுதான் நேசையனுக்கு அது உறைத்தது.

வளைகுடா நாட்டின் முசஃபா தச்சுப் பட்டறையில் அப்போது அவனைத் தவிர யாருமில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் பின்பக்கத்து மெஸ்ஸுக்குப் போயிருந்தார்கள். அவன் போகவில்லை. காலையில் வந்த கோபத்தில் சோறு எங்கே இறங்கும்? நாளைக் காலை நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் அவன் மனைவி ஷாஜினிக்கு வயிற்றில் கட்டி எடுக்கிறார்கள். இன்று சாயங்காலம் பிளேன். கையெழுத்தான லீவை ஃபோர்மேன் ஐயப்பன் காலையில் திரும்ப வாங்கிக்கொண்டார். பாஸ்போர்ட்டும் அவருடைய அலமாரியில்தான் இருந்தது.

"ஹாலை முடிக்காம லீவு மாஃபி, கெடையாது நேசா. மேல இருந்து சொல்லுதான், நான் என்ன செய்ய?"

"எனக்க பொண்டாட்டி அங்க தனியா கெடக்கா அண்ணே. ஒமக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா?"

ஹால் என்றால் ஒரு வெள்ளைக்காரப் பிரபுவின் ஹால். இங்கிலாந்தில் இடித்த மாளிகை ஒன்றின் பலகைச் சுவரையும் மரத்தரையையும் கன்டெய்னரில் கொண்டுவந்து, ஒரு ஹோட்டலுக்காக முதலில் பட்டறையிலேயே பொருத்திப் பார்க்கிறார்கள். சுவரின் ஓரத்தில் வேலைக்காரர்களைக் கூப்பிடும் பதினொரு பித்தளை மணிகள், ஒவ்வொன்றின் கீழும் ஓர் அறையின் பெயர். அவற்றுக்கு நேர் அடியில் தரையில் இரண்டு பள்ளங்கள், பாதத்தின் அளவில். கூப்பிட்டால் ஓடுவதற்காக ஆட்கள் காலங்காலமாக நின்று தேய்த்த இடம். ஹோட்டல்காரர்களுக்கு அது அசிங்கமாகப் பட்டதாம். நேற்று நேசையன்தான் அந்தப் பலகையை வெட்டியெடுத்துப் புதுத் துண்டு வைத்து மட்டமாக்கினான்.

இப்போது புதுத் துண்டிலும் இரண்டு பள்ளங்கள் இருந்தன.

குனிந்து விரலால் தடவினான். உளி வைத்த தடம் இல்லை, நன்றாக வழுவழுப்பாக, லேசான சூட்டோடு இருந்தது. மரத்தூளும் ஃபெவிக்காலும் மணக்கிற இடத்தில் பழைய மெழுகின் வாடை, நனைந்த நாயின் வாடை, அதற்கும் அடியில் ஏதோ கெட்டுப்போன இறைச்சியின் வாடை. நாள் முழுக்க இரைகிற ஏசி எப்போது நின்றது என்று தெரியவில்லை. பித்தளை மணி ஒன்று மட்டும் மெல்ல ஆடி ஆடி ஓய்ந்துகொண்டிருந்தது. அதன் கீழே எழுதியிருந்தது படுக்கையறை.

சுவரில் மாட்டவேண்டிய பித்தளைத் தகடு பக்கத்தில் சாய்ந்திருந்தது. நேசையன் போன் கேமராவை அதன்மேல் பிடித்தான். ஆங்கிலம் தமிழாக மாறியது. எட்மண்ட் தார்ன்லி பிரபு. பதினாலாயிரம் ஏக்கருக்குச் சொந்தக்காரர். இருபத்திரண்டு வயதில், தன் குடியானவர்களின் ஓட்டிலேயே, அப்பாவின் தொகுதிக்கு எம்.பி. முப்பத்தொரு வருஷம் பாராளுமன்றம். காலனி மந்திரி. எஜமானின் கடிதம் இல்லாமல் தோட்டத்தை விட்டு நகரும் கூலிக்குச் சிறை என்ற சட்டத்தைக் கொண்டுவந்த சீர்திருத்தவாதி.

சீர்திருத்தமாம்! நேசையனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாள் அந்தத் தோட்டத்தில் கால் வைத்திருப்பானா அந்த ஆள்?

கீழே, விருந்தாளிகள் ரசிப்பதற்காகச் சின்ன எழுத்தில் ஒரு கதை. சாகும் நாளில் பிரபு படுக்கையில் கிடந்து மணியடித்துக்கொண்டே இருந்தாராம். வேலைக்காரர்கள் அத்தனை பேரும் மணிகளுக்குக் கீழே கூடி நின்றார்களாம். ஒருவரும் பதில் கொடுக்கவில்லையாம். இன்றுவரை யாருமே பதில் கொடுக்கவில்லை என்று முடிந்தது.

"நல்லா வேணும்லே ஒனக்கு" என்று காறித் துப்பப் போனவனுக்கு எச்சில் வற்றியது.

நான் பதில் கொடுத்தேனே.

படுக்கையறை மணி மறுபடி ஆடியது. இந்தத் தடவை மெதுவாக. கேட்கிற ஆள் இருக்கிறான் என்று தெரிந்துகொண்டு அடிப்பது போல.

"நேசா!" ஐயப்பன் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். கையில் பாஸ்போர்ட். "மேல சண்ட போட்டு வாங்கியாச்சு. வண்டி வெளிய நிக்கி. யல்லா, ஓடு!"

சந்தோஷத்தில் நேசையனுக்குக் கண் நிறைந்தது. ஓட நினைத்தான். கால் வரவில்லை.

கீழே பார்த்தான். இரண்டு பாதமும் பள்ளத்துக்குள். எப்போது வந்து நின்றான்? செருப்பைக் காணவில்லை. மரத்தின் ரேகை புறங்காலில் ஏறிக் கணுக்காலைத் தொட்டிருந்தது. வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"என்னலே நிக்க? வா!"

போயிரும் அண்ணே. ஓடிரும். சொல்ல வாயைத் திறந்தான்.

"சார்" என்றது வாய்.

இரண்டாவது மணி அடித்தது. நூலகம்.

ஐயப்பனுக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். யோசிக்கவே இல்லை.

"சார்!"

சொன்னபடியே நடந்துவந்து நேசையனின் பக்கத்தில் நின்றார். பலகை அவர் காலடியில் மெத்தென்று இறங்கியது. பாஸ்போர்ட் கை நழுவி விழுந்தது. ஒரு எட்டு தூரம். ஒரே எட்டு.

"நேசா... எனக்க காலு..."

நேசையன் தொடையில் ஓங்கி ஓங்கிக் குத்தினான். மரத்தில் தட்டிய சத்தம் கேட்டது. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஷாஜினி. கையைக் கொண்டுபோக முயன்றான். கை இடுப்போடு ஒட்டி, விறைப்பாக நின்றது. போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

பின்பக்கம் மெஸ் கதவு திறக்கிற சத்தம். சிரிப்பு. தட்டு கழுவுகிற சத்தம். பத்து இருபது ஜோடிச் செருப்புகள் ஹாலை நோக்கி வந்தன.

வராதீங்க. பதில் சொல்லாதீங்க மக்களே.

"சார்" என்றான் நேசையன். "சார்" என்றார் ஐயப்பன்.

அவர்கள் தலைக்கு மேலே, மிச்சமிருந்த ஒன்பது மணிகளும் ஆடத் தொடங்கின.