பொய்க்கு ப்ரேக் இல்லை

அலறல்.

யாரோ யாரையோ கழுத்தை நெரிப்பது போன்ற அலறல். மலையிறக்கம் முழுக்க, பைன் மரங்களுக்கு நடுவே அது ஓடியது. ரோட்டோரம் மேய்ந்துகொண்டிருந்த இரண்டு மான்கள் காட்டுக்குள் பாய்ந்தன.

லைல் பென்னக் ப்ரேக்கிலிருந்து காலை எடுத்தான்.

அலறல் நின்றது.

மறுபடி மிதித்தான். மறுபடி அலறல். இடது முன் சக்கரம். இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம்.

"சனியனே... உன்னைப் பறிகொடுத்த சொந்தக்காரன்கூட இப்படிக் கத்தமாட்டான்," என்று ஸ்டியரிங்கைக் குத்தினான்.

சொந்தக்காரன் கத்தவே இல்லை என்பதுதான் உண்மை. இன்று காலை ஏழு மணி. கால்டர் என்கிற ஊரில் ஒரு டைனர் வாசல். சாவியை உள்ளேயே விட்டுவிட்டு எவனோ காலை உணவுக்குப் போயிருந்தான். வெள்ளை பிக்கப். பெரிய வண்டி. லைல் ஏறினான், கிளப்பினான், வந்துவிட்டான். இந்த வருஷத்தில் இது மூன்றாவது.

மூன்று மணிக்கு வுல்ஃப்டூத் கணவாய்க்கு அந்தப் பக்கம் வண்டியை வாங்க ஆள் காத்திருப்பான். நடுவில் பத்தொன்பது மைல் செங்குத்து இறக்கம். மான்டானா மாநிலத்தில் ரோட்டில் செத்தவர்களுக்கு, செத்த இடத்திலேயே ஒரு வெள்ளைச் சிலுவை நட்டுவிடுவார்கள். அந்த இறக்கத்தின் வளைவுகளில் மட்டும் பதினாலு சிலுவை.

பதினைந்தாவதாக நிற்க லைலுக்கு விருப்பமில்லை.

கணவாய்க்கு இந்தப் பக்கம் கடைசி ஊர் டெக்கர் ஸ்பிரிங்ஸ். ஒரு சிக்னல், இரண்டு பார், மூன்று சர்ச். ஒரே ஒரு உதிரிபாகக் கடை.

வண்டி அலறிக்கொண்டே கடை வாசலில் நின்றது.

கவுண்டருக்குப் பின்னால் ஒரு அம்மாள். அறுபது வயதிருக்கும். வெள்ளி முடி, சிவப்புச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. சட்டையில் 'நோரின்' என்று பெயர் தைத்திருந்தது.

"சத்தம் மலையிலேருந்தே கேட்டுச்சு, கண்ணு," என்றாள். "இடது பக்கமா?"

"ஆமா மேடம். முன் ப்ரேக் பேட் ஒரு செட் குடுங்க. சீக்கிரம்."

"வண்டி என்ன வருஷம்?"

லைல் கழுத்தை வளைத்து வெளியே நின்ற வண்டியைப் பார்த்தான்.

"பதினஞ்சு... மாடல்."

நோரின் கண்ணாடி வழியாக வாசலைப் பார்த்தாள். "வண்டியோட முகத்தைப் பார்த்தா பன்னெண்டு மாதிரி இருக்கே."

"பன்னெண்டுதான். வாய் தவறிடுச்சு."

"ஃபோர் வீல் டிரைவா?"

"ஆமா." இதை அவன் குத்துமதிப்பாகத்தான் சொன்னான்.

"சக்கரத்துல ஆறு போல்ட்டா, எட்டு போல்ட்டா?"

லைலுக்குக் காது சூடாகியது. ஒரு நகைக்கடைக் கதவைத் திறக்கச் சொன்னால் திறந்துவிடுவான். தன் 'சொந்த' வண்டியின் சக்கரத்தில் எத்தனை போல்ட் என்று கேட்டால்?

"ஒரு நிமிஷம்," என்று வெளியே போனான். எண்ணினான். திரும்பி வந்தான்.

"எட்டு."

"வாங்கி எத்தனை வருஷமாச்சு?"

"ஆறு."

"ஆறு வருஷமா ஒரு தடவைகூட சக்கரத்தைக் குனிஞ்சு பார்த்ததில்லையா?"

"பிஸி, மேடம்."

"டிஸ்க்கும் போயிருக்கும், கண்ணு. இந்தச் சத்தத்துக்கு வெறும் பேட் மாத்துறது செத்தவனுக்கு சவரம் பண்ற மாதிரி. இந்த வண்டிக்கு ரெண்டு அளவுல டிஸ்க் வருது. ஒரு மில்லிமீட்டர் தப்பாப் போனாலும் உட்காராது. க்ளவ் பாக்ஸைத் திற. மூடியில ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ப்ரேக்குக்குன்னு ஒரு குறியீடு போட்டிருக்கும். பார்த்துட்டு வா."

மறுபடி வெளியே போனான்.

க்ளவ் பாக்ஸைத் திறந்தபோது, ஸ்டிக்கருக்குக் கீழே வண்டியின் பதிவுச் சீட்டு கிடந்தது. ஆர்லன் ஹோல்ம். லைல் அந்தப் பெயரை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

திரும்பி வந்து குறியீட்டைச் சொன்னான். நோரின் கம்ப்யூட்டரில் தட்டினாள்.

"பேட் செராமிக்கா, மெட்டாலிக்கா?"

"எது நல்லது?"

"நீ என்ன இழுக்கறேங்கறதைப் பொறுத்தது. வெறும் வண்டியா, ட்ரெய்லர் மாட்டுவியா?"

"ட்ரெய்லர்தான். குதிரை."

சொல்லிவிட்டு ஏன் சொன்னோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

"எத்தனை குதிரை?"

"நாலு."

"நாலு குதிரையை வெச்சுக்கிட்டு இந்தக் கணவாயை இறங்கறியா? அப்போ மெட்டாலிக்தான். சூடு தாங்கும். கொஞ்சம் சத்தம் போடும், ஆனா நிக்கும். செராமிக் சத்தமில்லாம சர்ச்சுக்குப் போறவங்களுக்கு." டிராயரிலிருந்து பேனாவை எடுத்தாள். "இதுக்கு முன்னாடி எங்க கடையில பேட் வாங்கியிருந்தா வாழ்நாள் உத்தரவாதம் உண்டு. பழசைக் குடுத்துட்டு புதுசை சும்மா எடுத்துட்டுப் போலாம். பேர் என்ன?"

சும்மா.

லைலின் வாழ்க்கையில் எல்லாத் தப்பும் அந்த ஒரு வார்த்தையில்தான் ஆரம்பித்திருக்கிறது.

"ஆர்லன் ஹோல்ம்," என்றான்.

நோரினின் பேனா நின்றது. ஒரே ஒரு விநாடி. பிறகு எழுதியது.

"ஆர்லன்... ஹோல்ம். இருக்கு. பிப்ரவரியில வாங்கியிருக்கீங்க, மிஸ்டர் ஹோல்ம்."

"ஆமாமா. நல்ல குளிர் அன்னிக்கு."

"எட்டு மாசத்துல பேட் தேய்ஞ்சு இரும்பாகுதுன்னா, கோளாறு பேட்ல இல்ல. பேடை அழுத்திப் பிடிக்குமே, அந்த இடது காலிப்பர் விடாம கவ்விக்கிட்டு இருக்கு. அதையும் மாத்தணும். வீட்ல பொண்டாட்டி கவனிச்சுச் சொல்லலியா?"

"பொண்டாட்டியா? அவ போய் வருஷக் கணக்காச்சு."

"அடடா. செத்துட்டாங்களா?"

"செத்திருந்தா நிம்மதியா இருந்திருக்குமே மேடம்." லைலுக்கு இப்போது தெம்பு வந்துவிட்டது. பொய் சொல்வது சைக்கிள் மாதிரி. ஓட ஆரம்பித்தால் விழாது. "விவாகரத்து. பிசாசு அவ. பதினாறு முழ நாக்கு. அவ சமையலை நாய்க்குப் போட்டேன், நாய் வீட்டை விட்டு ஓடிப்போச்சு. அவளைச் சுட்டுப் புதைச்சிருந்தாக்கூட ஜட்ஜ் எனக்குக் கை குடுத்திருப்பாரு."

"அவ்வளவு மோசமா?" என்றாள் நோரின் கனிவாக.

"நல்ல வேளை, உங்களை மாதிரி ஒரு நல்லவங்க கையால ப்ரேக் வாங்கறேன்."

"பேட் இருக்கு, டிஸ்க் இருக்கு. காலிப்பர் இங்க இல்ல. கிடங்குக்கு ஃபோன் பண்றேன், கண்ணு."

ஃபோனை எடுத்தாள்.

"நோரின் பேசறேன். வெள்ளை பிக்கப், பன்னெண்டு மாடல், எட்டு போல்ட்டு. இடது காலிப்பர் ஒண்ணு வேணும். ஆமா, ஆர்லன் ஹோல்முக்கு. அவரே நேர்ல வந்திருக்காரு. எதிர்ல நிக்கறாரு. பொண்டாட்டி பத்திச் சொல்லிக்கிட்டிருக்காரு... ஆமா, சுட்டுப் புதைக்கணுமாம். சரி. நீயே கொண்டு வந்துடு."

ஃபோனை வைத்தாள்.

"இருபது நிமிஷம். அதுக்குள்ள ஜாக்கி தரேன், ரெண்டு முன் சக்கரத்தையும் கழட்டி வெச்சிடு. ஜோடியாத்தான் மாத்தணும்."

லைல் சந்தோஷமாகக் கழற்றினான். அக்டோபர் குளிரிலும் வியர்த்தது. பன்னிரண்டாவது நிமிஷம் வண்டி, பல் பிடுங்கின வாய் மாதிரி இரண்டு பக்கமும் காலியாக ஜாக்கியில் நின்றது.

இருபதாவது நிமிஷம் ஷெரிஃப் ஆபீஸ் கார் வந்து அவனுக்குக் குறுக்காக நின்றது.

இறங்கினவர் டெபுடி மெர்ரிட். ஆறடி மூன்று அங்குலம். கையில் காலிப்பர் இல்லை. விலங்கு இருந்தது.

லைல் ஓடுவதற்கு வண்டியைப் பார்த்தான். வண்டிக்கே கால் இல்லை.

"ஆர்லன் ஹோல்ம்?" என்றார் மெர்ரிட்.

வாசலில் நோரின் கைகட்டி நின்றாள். இல்லையென்று சொன்னால், பிறகு யார் என்று கேட்பார்.

"ஆமா... ஆபீசர்."

"திரும்பி நில்லு. உன் முன்னாள் மனைவி திருமதி ஹோல்மைக் கொலை பண்ணதுக்காக உன்னைக் கைது பண்றேன்."

விலங்கு 'க்ளிக்' என்றது.

"கொ... கொலையா?"

"இன்னிக்குக் காலையில. வீட்டுக்குப் பின்னால புதைச்சிருக்கு. பேசாம இருக்க உனக்கு உரிமை இருக்கு. நீ சொல்றது எல்லாம்..."

"நான் ஆர்லன் இல்ல சார்."

"வக்கீல் வெச்சுக்கவும் உரிமை இருக்கு."

"சார், நான் ஆர்லனே இல்ல. என் பேரு லைல் பென்னக்."

மெர்ரிட் நோரினைப் பார்த்தார். "நோரின்ம்மா, உங்ககிட்ட என்ன பேர் சொன்னான்?"

"ஆர்லன் ஹோல்ம்னு தெளிவாச் சொன்னாரு. பிப்ரவரி குளிர் வரைக்கும் ஞாபகம் இருந்துச்சு. பொண்டாட்டியைச் சுடணும்னும் சொன்னாரு. நாலு குதிரை வெச்சிருக்காரு."

"குதிரை இல்ல, ஒரு கழுதைகூட இல்ல என்கிட்ட," என்று லைல் கதறினான். "நான் திருடன் சார். இந்த வண்டியைத் திருடிட்டு வந்தேன்."

"மாட்டிக்கிட்டா எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க. ஆதாரம்?"

"காலையில ஏழு மணி. கால்டர் டைனர் வாசல். சாவி உள்ளயே இருந்துச்சு. ஏழு மணிக்கு நான் அங்க இருந்தா, எப்படி சார் கொலை பண்ணியிருக்க முடியும்?"

"நீ திருடன்னு நான் எப்படி நம்பறது? மூஞ்சைப் பார்த்தா அப்பாவி மாதிரி இருக்கே."

லைலுக்கு அழுகை வந்தது. முப்பத்திநாலு வருஷத்தில் அவனை யாரும் அப்பாவி என்று சொன்னதில்லை. சொன்ன அன்றைக்கா இப்படி?

"ஜூன்ல ஒரு சிவப்பு வண்டி. கண்காட்சி மைதானத்துலேருந்து நான்தான் எடுத்தேன். ஆகஸ்ட்ல ஒரு சாம்பல் கலரு, மீன்பிடிக்கிற இடத்துல. ரெண்டையும் வாங்கினவன் மூணு மணிக்குக் கணவாய்க்கு அந்தப் பக்கம் பெட்ரோல் பங்க்ல நிப்பான். போய்க் கேளுங்க. அவனே சொல்லுவான் நான் திருடன்னு."

"எழுதிக் கையெழுத்துப் போடுவியா?"

"பேனா குடுங்க சார்."

காரின் பானெட் மேல் காகிதத்தை வைத்து, விலங்கு மாட்டின கையோடு இரண்டு பக்கம் எழுதினான். எழுத்துப் பிழை நிறைய. பொய் ஒன்றுகூட இல்லை. அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக.

கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தான். "இப்ப நம்பறீங்களா? அந்தப் பொம்பளையை நான் கொல்லல."

"நம்பறேன்," என்றார் மெர்ரிட், காகிதத்தை மடித்துப் பையில் வைத்தபடி. "அவங்களை யாரும் கொல்லல."

"என்னது?"

நோரின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"பதினோரு வருஷம் நான்தான் திருமதி ஹோல்மா இருந்தேன்," என்றாள். "ஆர்லனுக்கு இந்த பேட்டை வித்ததும் நான்தான். காலிப்பரையும் மாத்துய்யான்னு அன்னிக்கே தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டாரா? அப்புறம், கண்ணு... அந்த நாய் என் சமையலுக்கு ஓடிப்போகல. இன்னும் என் வீட்லதான் இருக்கு."

லைல் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"வண்டி காணோம்னு புகார்?" என்று பலவீனமாகக் கேட்டான்.

"ஒருத்தரும் குடுக்கல," என்றார் மெர்ரிட். "நீ எழுதிக் குடுத்ததுதான் முதல் புகார்."

நோரின் செல்ஃபோனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்துக் கால்டர் டைனருக்குப் போட்டாள். பின்னணியில் சீட்டுக் கட்டைக் கலைக்கிற சத்தம்.

"ஆர்லன், உன் வண்டி எங்க?"

"வாசல்ல. ஏன்?"

"எட்டிப் பாரு."

நாற்காலி நகர்ந்தது. காலடி. கதவு மணி.

"நோரின்... வண்டியைக் காணோம்."

"இங்க இருக்கு. திருடினவன் முன் சக்கரத்துக்கு மொத்த ப்ரேக்கும் புதுசா எடுத்து மாட்டறதுக்குள்ள மெர்ரிட் புடிச்சுட்டாரு."

மறுமுனையில் ஆர்லன் ஹோல்ம் பெருமூச்சு விட்டார்.

"ஏன் இப்படி அவசரப்பட்டுப் புடிச்சீங்க? பின் ப்ரேக்கும் போயிருந்துச்சே."