ஐந்து துளைகளில் சந்தனம்

"இதை வித்த ஆள் மட்டும் என் கையில கிடைக்கட்டும் பாய்... அப்புறம் இருக்கு!"

குடையை மடக்கவும் மறந்து கடைக்குள் நுழைந்தாள் தமிழ்மொழி. வெளியே மெயின் பஜார் முழுவதும் ஐப்பசி மழை. குடை விளிம்பிலிருந்து சொட்டிய நீர், ரிப்பேருக்குக் கொடுத்த மிக்ஸிக்காகக் காத்திருந்த கண்ணையனின் வழுக்கைத் தலையில் விழுந்தது.

"எம்மா... வெளிய பேயறது போதாதா?" என்றார் அவர்.

கடைக்காரர் நைனா முகமது மூக்குக்கண்ணாடியை உயர்த்தினார். டவுன்ஷிப்பில் நின்றுபோன ரேடியோ, மிக்ஸி, கீபோர்டு எல்லாம் ஒருமுறையாவது அவர் மேஜையில் படுத்து எழுந்திருக்கும். பழைய பொருட்களை வாங்கவும் விற்கவும் இடையில் நிற்பார். தமிழ்மொழி பையிலிருந்து எடுத்து வைத்த சாம்ப்ளரும் மூன்று வாரத்துக்கு முன் அவர் வழியாக வாங்கியதுதான்.

பதினாறு ரப்பர் கட்டைகள் பதித்த கறுப்புப் பெட்டி அது. எந்த ஓசையையும் பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். கட்டையைத் தட்டினால் திருப்பிச் சொல்லும். எந்த ஓசை எப்போது வரவேண்டும் என்று அதற்கு வரிசை சொல்ல இன்னொரு பெட்டி உண்டு. அது சீக்வென்சர். அது அவளிடம் முன்பே இருந்தது; இன்று அதையும் பையில் கொண்டுவந்திருந்தாள். இரண்டையும் ஒரு கேபிளால் சேர்த்துவிட்டால் போதும்... ஒரு பாட்டு தானாக நடக்கும்.

நடக்கவில்லை.

"என்னங்க பிரச்சனை?"

கேட்டது பாய் அல்ல. பக்கத்து ஸ்டூலில் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்த இளைஞன். அதுவரை மழையைப் பார்த்துக்கொண்டிருந்த பெரிய கண்கள், அந்த அமைதி கலையாமலே அவள் பக்கம் திரும்பின. ஒரு கணம் அவளுக்குச் சொல்ல வந்தது மறந்துபோனது... அதனாலேயே கோபம் கூடியது.

"கையால தட்டினா பாடுது. சீக்வென்சரை மாட்டினா ஊமையாயிடுது. வித்தவன் சரியான ஃப்ராடு."

"அப்டீங்களா... ஆளு பாக்க எப்டி இருப்பான்?"

"நான் எங்க பாத்தேன்? திருட்டு முழியா இருப்பான்."

பாய் இருமினார். கண்ணையன் அவசரமாகக் கூரையைப் பார்த்தார்.

"இப்டியா பாருங்க..." அவன் கண்களை அகல விரித்துக் காட்டினான். "வித்தது நான்தாங்க. கொளஞ்சிநாதன். முத்தாண்டிக்குப்பம்."

தமிழ்மொழிக்குக் காது சுட்டது. ஆனாலும் சொன்னதிலிருந்து பின்வாங்குவது அவள் வழக்கமில்லை.

"நல்லதாப் போச்சு. இந்த முப்பத்தொண்ணாம் தேதி எங்க அப்பா ரிட்டையர் ஆகுறாங்க. விழாவுல நான் ஒரு மியூசிக் வாசிக்கணும். இன்னும் ஏழு நாள்தான் இருக்கு. சரி பண்ணிக் கொடுங்க."

முப்பத்து நான்கு வருடம் சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா. அவர் வாழ்ந்த ஓசைகளையே ஒரு பாட்டாக்கி அவருக்குக் கொடுக்கவேண்டும் என்பது அவள் ஆசை. அதற்குப் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு சொந்த ஊரான தென்காசிக்குப் போகவேண்டியதுதான். பாட்டைத் தள்ளிவைக்க வேறு நாள் கிடையாது.

அவன் இரண்டு பெட்டிகளையும் இழுத்து அருகருகே வைத்தான்.

"ரெண்டும் தனித்தனியா கடியாரம் வச்சிக்கினு ஓடுதுங்க. ஒண்ணு சொல்லணும், ஒண்ணு கேக்கணும். ரெண்டும் சொல்லிக்கினே இருந்தா பாட்டு எங்கேர்ந்து வரும்?" என்று சொல்லிக்கொண்டே சாம்ப்ளரைக் கேட்கும்படி மாற்றினான். பிறகு கேபிளைச் செருகுவதற்காக அதைத் திருப்பினான்.

திருப்பியவன் அப்படியே நின்றான். பெட்டியின் முதுகை விரலால் மெல்லத் தடவினான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்தது சிரிப்பா, வேறு ஏதாவதா... அவளுக்குப் புரியவில்லை.

"வச்சிட்டுப் போங்க. நாளைக்கு எடுத்துக்கலாம்."

"என்ன கோளாறு?"

"சின்னதுதாங்க."

"சின்னதுன்னா சொல்லலாமே?"

அவன் கண்ணையனைப் பார்த்தான், பாயைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். "பழைய பொருளு இல்லீங்களா..."

"அப்ப கோளாறோடதான் வித்தீங்க!"

"நான் குடுக்கசொல்ல ஓடிச்சுங்க."

"அப்ப நான் பொய் சொல்றேனா?" அவன் சட்டையில் தொங்கிய கான்ட்ராக்ட் அடையாள அட்டை அவள் கண்ணில் பட்டது. வாய் முந்திக்கொண்டது. "கான்ட்ராக்ட் ஆளுங்ககிட்ட வாங்கினா இப்படித்தான்!"

பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஒரே சுரங்கம், ஒரே தூசி. ஆனால் பெர்மனென்ட் என்றும் கான்ட்ராக்ட் என்றும் இரண்டு சொற்கள் அந்த ஊரைப் பிரித்து வைத்திருந்தன. பெர்மனென்ட் வீட்டுப் பெண் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் அது எங்கே போய்த் தைக்கும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். சொன்ன மறுகணமே அவளுக்கும் தெரிந்தது.

பெட்டிகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். பின்னால் யாரோ ஓடிவந்தார்கள். அவன்தான். ஆணியில் தொங்கிய தன் மழைக்கோட்டை எடுத்து வந்து அந்தப் பையைச் சுற்றிக் கட்டினான்.

"தண்ணி பட்டா கெட்டுடும்ங்க," என்றான். நனைந்துகொண்டே திரும்பிப் போனான்.

அன்று மாலை இருபத்தொன்றாம் பிளாக் வீட்டில், கொடியில் காய்ந்த மழைக்கோட்டை அப்பா சிங்காரவேல்தான் முதலில் பார்த்தார்.

"இது நம்ம கொளஞ்சி கோட்டுல்லா? பேர் எழுதியிருக்கே. சுரங்கத்துல எங்க கன்வேயர் பெல்ட்டுல வேலை பாக்குற பையன்மா. கேன்டீன்ல எனக்கு வடை தீந்துபோச்சுன்னா அவன் தட்டுலேருந்து பாதி தானா வந்துரும். உனக்கு எப்படிக் கிடைச்சுது?"

பாட்டு எதற்கு என்பதை மட்டும் மறைத்து, மற்றதை ஒப்பித்தாள் தமிழ்மொழி. கடைசியில் சொன்ன அந்த வாக்கியத்தையும் விழுங்கிவிட்டாள்.

"கொண்டா அதை." அப்பா, சுரங்கத்துக்கு எடுத்துப் போகும் டார்ச்சை அடித்து, சாம்ப்ளரின் முதுகைப் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது.

"ராஜாம்பாள்! இங்க வந்து உன் மக பக்தியப் பாரு!"

கேபிள் செருகும் வட்டக்குழியில், அரைவட்டமாக இருந்த ஐந்து சின்னத் துளைகளையும் காய்ந்த சந்தனம் அடைத்திருந்தது. நடுவில் சாட்சியாக ஒரு துளி குங்குமம்.

தமிழ்மொழிக்கு எல்லாம் நினைவு வந்தது. சாம்ப்ளரை வாங்கிய மறுநாள் ஆயுத பூஜை. அப்பாவின் மொபெட், அம்மாவின் தையல் மெஷின், கிரைண்டர் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். முன்பக்கம் முழுக்கக் கட்டைகளும் எழுத்துகளும்... பொட்டுக்கு இடமில்லை. திருப்பினால் அந்த வட்டம் நெற்றியைப் போல் காத்திருந்தது. குழைத்த சந்தனத்தை ஆசையோடு அழுத்தி வைத்தாள். கேபிள் வந்து சேர்ந்ததோ அதற்குப் பத்து நாள் கழித்து. செருகும்போது இறுக்கமாக இருந்தது. புதுக் கேபிள், அப்படித்தான் இருக்கும் என்று பலமாக அழுத்திவிட்டாள்.

ஈர்க்குச்சியாலும் ஸ்பிரிட்டாலும் அரை மணியில் துளைகள் சுத்தமாயின. கேபிளை மாட்டி சீக்வென்சரை ஓட்டினாள். சாம்ப்ளர் கேட்டது... சொன்னபடி பாடியது.

அவள் முகத்தில்தான் சந்தோஷம் இல்லை. அவன் திருப்பிப் பார்த்தானே... விரலால் தடவினானே. அப்படியென்றால் பார்த்துவிட்டான். பார்த்துவிட்டுமா அத்தனையும் கேட்டுக்கொண்டு நின்றான்?

"அப்பா, கோட்டை நீங்களே கொடுத்துடுங்களேன்."

"வாங்கிட்டு வந்தது யாரு?"

மழைக்கோட்டு இரண்டு நாள் கொடியிலேயே தொங்கியது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் அவள் தலை தானாகக் குனிந்தது. மூன்றாம் நாள் விளக்கேற்றிக் கும்பிட்டபோது 'மன்னிச்சிடு' என்பதைத் தவிர வேறு எந்த வேண்டுதலும் வாயில் வரவில்லை. எழுந்து கோட்டை மடித்தாள்.

கடையில் அவன் அதே ஸ்டூலில் இருந்தான். கண்ணையனும் இருந்தார். மிக்ஸி இன்னும் தயாராகவில்லை.

"அன்னைக்கு இங்க வச்சு ஒரு வார்த்தை சொன்னேன்." எல்லோருக்கும் கேட்கும்படிதான் பேசினாள். "இங்க வச்சேதான் அதைத் திருப்பி எடுத்துக்கணும். தப்பு மெஷின்ல இல்ல, வித்தவர்கிட்டயும் இல்ல. நான்தான் ஓட்டையில சந்தனத்தை அப்பி வச்சிட்டேன். மன்னிச்சிடுங்க."

"சந்தனமா!" என்றார் கண்ணையன். "அட... காது குத்துன்னு சொல்லியிருந்தா மொய் வச்சிருப்பேனே!"

பாய் அவரை முறைத்தார். கொளஞ்சிநாதன் சிரிக்கவில்லை.

"நீங்க பாத்தீங்கதானே?" என்றாள்.

"பாத்தேங்க."

"ஏன் சொல்லலை?"

"சாமி கும்புட்டு வச்ச பொட்டு. அத எப்டிங்க நாலு பேரு முன்னாடி கோளாறுன்னு சொல்றது? யாருக்கும் தெரியாம தொடச்சிக் குடுத்துடலாம்னு பாத்தேன். நீங்க வுடல." அவன் டீ கிளாஸைச் சுற்றினான். "தங்கச்சிக்கு லேப்டாப் வாங்கணும்னுதாங்க அத வித்தேன். யாரு கையில போச்சோ, எங்க தூசியில கெடக்குதோன்னு மூணு வாரமா ரோதன. திருப்பிப் பாத்தா சந்தனம்... நல்ல வூட்டுக்குத்தான் போயிருக்குதுன்னு மனசு நெறஞ்சிடுச்சு. அப்புறம் நீங்க திட்டுனது எதுவும் காதுல சரியா வுழல."

கிளாஸைக் கீழே வைத்தான். "அந்த ஒரு வார்த்த மட்டும் வுழுந்திச்சு."

அவள் கண்கள் நிறைந்தன. துடைக்கவில்லை. அவன் பார்த்தான், பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்... அதுவும் ஒரு தயவு என்று அவளுக்கு இப்போது தெரிந்தது.

"விழாவுக்கு வர்றீங்களா? சீக்வென்சரை நான் பாத்துக்கறேன். சாம்ப்ளர் கை உங்களுக்குத்தான் பழக்கம்."

"ஷிப்ட் ரெண்டு மணிக்கு முடியுதுங்க."

"விழா நாலு மணிக்கு."

"அப்ப எம் மிக்ஸி எப்ப?" என்றார் கண்ணையன்.

முப்பத்தொன்றாம் தேதி சமூகக்கூடத்தில் சிங்காரவேல் மாலையோடு உட்கார்ந்திருந்தார். ஷிப்ட் சங்கு ஊதியது, மேடையிலிருந்த கறுப்புப் பெட்டிக்குள்ளிருந்து. நிமிர்ந்தார். அடுத்து கன்வேயர் பெல்ட்டின் சீரான உறுமல் தாளமானது. அதன்மேல் அவருடைய மொபெட்டின் திணறல், விடியற்காலையில் ராஜாம்பாளின் குக்கர் விசில், கேட் திறக்கும் கிரீச்... ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சீக்வென்சர் நேரம் சொல்ல, சாம்ப்ளர் கேட்டது. கொளஞ்சியின் விரல்கள் தேவையான இடத்தில் மட்டும் தட்டின. அப்பா மாலையைச் சரிசெய்வதுபோல் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது மறுபடி மழை. தாழ்வாரத்தில் இருவரும் நின்றார்கள். பெட்டிகள் இரண்டும் ஒரே மழைக்கோட்டுக்குள் இருந்தன.

"எப்பங்க தென்காசி?"

"பொங்கலுக்கு முன்னாடி வீட்டைக் காலி பண்ணணும்."

"ஓ..."

அவ்வளவுதான் சொன்னான். கூரையிலிருந்து விழும் நீரை எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டு நின்றான். இந்த மனிதன் தானாகச் சொல்லமாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. பார்த்ததைச் சொல்லாமல் மனதில் வைத்துக்கொள்ளத்தான் இவனுக்குத் தெரியும்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லணும், ஒண்ணு கேக்கணும்னு சொன்னீங்கல்ல?"

"ஆமாங்க."

"நான் சொல்றேன். நீங்க கேளுங்க." புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. தென்காசிக்கு அப்பா அம்மா போகட்டும்... நான் இங்கயே இருக்கணும்னு ஆசையா இருக்கு. அப்பாகிட்ட நீங்க கேட்டா, வேணாம்னு சொல்லமாட்டாரு. உங்க வடையை நிறையச் சாப்பிட்டிருக்காரு."

அந்தப் பெரிய கண்கள் மழையை விட்டு அவளிடம் வந்தன... அங்கேயே நின்றன.

"அடுத்த வருசம் ஆயுத பூசைக்கு," என்றான் மெதுவாக, "நம்ம வூட்டுல பொட்ட மேல வச்சிடுங்க. ஓட்டையில மட்டும் வேணாம்."